கன்டென்ட் ரைட்டிங்கிலிருந்து கன்டென்ட் மார்க்கெட்டிங்: கும்பகோணத்தில் இருந்துகொண்டே மாறலாமா?

அரசலாறு, கும்பகோணம்:

வணக்கம். கொஞ்ச வருடமாக வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் கன்டென்ட் ரைட்டிங் செய்கிறேன். எல்லாம் ஒரு ஏஜென்சி வழியாக வரும் வேலை. அமெரிக்காவில் கூரை பழுதுபார்க்கிறவர்கள், பல் மருத்துவர்கள், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனிகள், இவர்களுடைய தளங்களுக்குக் கட்டுரை. தலைப்பும், கூகுளில் மக்கள் தேடும் வார்த்தையான கீவேர்டும் அங்கிருந்து வரும். எழுதி அனுப்பினால் என் வேலை முடிந்தது. அதை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வார்த்தைக்குத் தரும் காசும் குறைந்துவிட்டது, வேலையும் குறைந்துவிட்டது. இப்போது பாதி நாள் மெஷின் எழுதியதைத் திருத்துவதிலேயே போகிறது.

திருவாரூர் பக்கம் பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிடுகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்கள். பதவி, கன்டென்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். மாதச் சம்பளம், இப்போது வருவதைவிடக் கொஞ்சம் கூட. வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும். எழுத்தை விட்டு விற்பனைப் பக்கம் போவதா என்று மனசு தயங்குகிறது. இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

போகாதீர்கள் என்பதுதான் என் பதில்.

நம் பக்கத்துச் சின்ன நிறுவனங்களில் இந்தப் பதவிக்கு வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். காலையில் பண்டிகை வாழ்த்து போஸ்டர். மத்தியானம் ரீல்ஸ். அப்புறம், பார்சல் வரவில்லை என்று வாட்ஸ்அப்பில் கோபப்படுகிறவருக்குப் பதில். எழுத உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். எழுத்து தினமும் செய்தால்தான் கையில் நிற்கும். இரண்டு வருடம் தலைப்பும் கேப்ஷனும் மட்டும் எழுதிவிட்டு, ஒரு நீண்ட கட்டுரையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் திணறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

காசு குறைந்தது உண்மைதான். அதற்காக ஏன் விலக வேண்டும்? ஒரு துறைக்குள் ஆழமாகப் போங்கள். ஆடுதுறையில் 1922லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே நிஃப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஆய்வைப் புரிந்துகொண்டு, ஒரு விவசாயிக்கோ சிறுதொழில் செய்கிறவருக்கோ விளங்கும்படி எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. கூரையையும் பல்லையும் பற்றி எழுதும் வேலையைத்தான் மெஷின் பிடுங்கியது. ஏனென்றால் அதை எழுத யாரும் எங்கும் போய்ப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. போய்ப் பார்த்து எழுதும் வேலைக்குப் போங்கள்.

தஞ்சை தாரணி:

சார் சொல்கிற மாதிரி நிறுவனங்கள் நிறையவே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கெட்டுப்போன ஒரு பதவியைக் காட்டி அந்த வேலையையே ஒதுக்குவது நியாயமில்லை. நானும் எழுத்திலிருந்து மார்க்கெட்டிங்குக்கு வந்தவள். தஞ்சாவூரில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன்.

அரசலாறு, படித்தார்களா என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கன்டென்ட் மார்க்கெட்டிங் தொடங்கும் இடமே அதுதான். எதை எழுதுவது, யாருக்கு, அது அவரிடம் எந்த வழியாகப் போகும், படித்தபின் அவர் என்ன செய்கிறார், இவ்வளவையும் பார்க்க வேண்டும். எழுதுவது இதற்கு நடுவில் வருகிறது.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். ஏஜென்சி கொடுக்கும் தலைப்பு 'மாப்பிள்ளைச் சம்பாவின் 10 நன்மைகள்' என்று இருக்கும். அந்தக் கட்டுரை ஏற்கெனவே எல்லாத் தளத்திலும் கிடக்கிறது. வாங்கியவர் வீட்டில் என்ன நடக்கிறது? வெள்ளை அரிசியைப் போலவே கழுவி உடனே குக்கரில் வைக்கிறார். சரியாக வேகவில்லை. பிள்ளைகள் தட்டை ஒதுக்குகிறார்கள். மிச்ச அரிசி டப்பாவிலேயே கிடக்கிறது. ராத்திரியே ஊறப்போடுங்கள், தண்ணீரைக் கூட்டி வையுங்கள், முதலில் கஞ்சிக்கும் தோசைக்கும் போட்டுப் பழகுங்கள் என்று தளத்தில் ஒரு பக்கம், பையோடு ஒரு சீட்டு, பார்சல் கைக்குப் போகும் அன்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. எல்லாம் சேர்த்தாலும் கொஞ்ச வார்த்தைதான். ஆனால் அவர் மறுபடி வாங்குவாரா என்பது அதில்தான் இருக்கிறது.

இது புதிதாக முளைத்ததும் இல்லை. அமெரிக்காவில் ஏர்க்கலப்பை விற்ற ஜான் டீர் 1895லேயே 'தி ஃபர்ரோ' என்று விவசாயிகளுக்கு ஒரு பத்திரிகை தொடங்கியது. அவர்கள் விற்றது இயந்திரம், அதில் எழுதியது விவசாயம். இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதில் எழுதியவர்கள் எழுத்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

வெண்ணாற்றங்கரை:

'தி ஃபர்ரோ'வுக்கு ஆசிரியர் குழு இருந்தது. வருடக்கணக்கில் பொறுத்திருக்கும் முதலாளியும் இருந்தார். இங்கே நாலாவது மாதமே 'எவ்வளவு ஆர்டர் வந்தது' என்று கேட்பார்கள்.

நீங்கள் சொன்ன ஊறப்போடும் உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் எனக்குத் தெரிவது நல்ல எழுத்தாளரின் வேலைதான். சமைப்பவரைக் கேட்டு, சமைத்துப் பார்த்து எழுதுவது எழுத்தின் அடிப்படை. அதற்கு மார்க்கெட்டிங் என்று பெயர் வைத்துவிட்டு, எழுதுகிறவர் வெறுமனே வார்த்தை நிரப்புகிறவர் என்பது போலப் பேசுவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. இந்த அரிசிகளை நம் வட்டாரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது யார்? 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தார். அந்த உழைப்பில் வந்த நம்பிக்கையைத்தான் இன்று ஆளுக்கொரு இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்து விற்கிறார்கள். விளம்பரம் அந்த நம்பிக்கையை உண்டாக்கவில்லை, செலவழிக்கிறது. அதற்கு நீங்கள் ஏன் துணை போக வேண்டும்?

தஞ்சை தாரணி:

நெல் ஜெயராமன் செய்ததை விளம்பரம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள் சார். விதையை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை அவர். ஆட்களைத் திரட்டினார், கையில் கொடுத்தார், அடுத்த வருடம் திரும்பி வந்து சொல்லும்படி ஒரு ஏற்பாட்டை வைத்தார். போய்ச் சேர்வதைப் பற்றிக் கவலைப்பட்டதால்தான் அது பரவியது. எழுத்தையும் அப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதை எழுதியவரே செய்தால் பொய் கலக்காது.

நாச்சியார்கோவில் கடைக்காரர்:

நான் எழுதுகிறவன் இல்லை, எழுதச் சொல்லிக் காசு கொடுப்பவன். குத்துவிளக்கு வியாபாரம். என் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன்.

தளம் ஆரம்பித்தபோது ஒரு ஏஜென்சியைப் பிடித்து வரிசையாகக் கட்டுரை போட்டோம். விளக்கின் வரலாறு, ஐந்து முகத்துக்கு என்ன பலன், காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பது எப்படி. ஒன்றும் தப்பாக எழுதவில்லை. படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன் செய்கிறவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'எத்தனை கிலோ வரும்? எங்கள் பூஜை அலமாரிக்குள் நிற்குமா? கழற்றிக் கழுவ முடியுமா? பாலிஷ் போனால் என்ன செய்வது? பஸ்ஸில் எடுத்துப் போகலாமா?' இதேதான் திரும்பத் திரும்ப.

அப்புறம் ஒரு பெண் வந்தது. அதுவும் முதலில் எழுத்து வேலை பார்த்ததுதான். வந்த உடனே ஒன்றும் எழுதவில்லை. கடையில் உட்கார்ந்து போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் எடுத்தது. ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் ஒரு சொம்பை வைத்து உயரம் தெரிகிற மாதிரி இன்னொரு படம். அதன் கீழே எடை, உயரம், எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்று நாலு வரி. வந்த போனில் பாதிக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. இப்போது போன் செய்கிறவர் வாங்குகிற முடிவோடுதான் செய்கிறார்.

வெண்ணாற்றங்கரை ஐயா இதையும் எழுத்து என்பார். இருக்கட்டும். நான் அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் காசு கொடுப்பது கட்டுரைக் கணக்குப் பார்த்து இல்லை.

ஏம்மா அரசலாறு, ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். என்னைப் போன்ற கடையால் முழுச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாது. அந்தப் பெண் என் கடையோடு திருபுவனத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையையும், சுவாமிமலையில் ஒரு சிலை வார்ப்பவரையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறோம். ஒரே இடத்தில் போய்ச் சேர்வதற்கு முன் இந்த வழியையும் யோசித்துப் பார்.

அரசலாறு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த நிறுவனத்தின் தளத்தைப் படித்தேன். கருப்புக் கவுனிப் பக்கத்தில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு என்று எனக்கு எழுதச் சொன்ன தலைப்பும் அதே மாதிரிதான். வெண்ணாற்றங்கரை ஐயா சொல்வது இங்கேதான் எனக்கு உறைக்கிறது.

வெண்ணாற்றங்கரை:

இது ருசி சம்பந்தப்பட்ட விஷயமில்லை, சட்டம். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதற்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிகளில் தடை இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53வது பிரிவில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளியிடுகிறவரோடு, வெளியிடுவதில் பங்குள்ளவரையும் அந்தப் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? நம் ஊரில் எத்தனை வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சம்பளத்துக்கு இருக்கிறவர் முதலாளியிடம் இந்த வரியை எடுங்கள் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

தஞ்சை தாரணி:

சட்டத்தைப் பற்றி சார் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அந்த வரி போக வேண்டும். ஆனால் முடிவு நேர் எதிராக வருகிறது.

இந்த வரியை எழுதியது யார்? பெரும்பாலும் ஏதோ ஒரு கன்டென்ட் ரைட்டர்தான். கீவேர்ட் வந்திருக்கும், எழுதிக் கொடுத்திருப்பார். அந்த இடத்தில் அவருக்குக் கேள்வி கேட்க இடமே இல்லை. எது போக வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அதை நிறுத்த முடியும். நல்லவர்கள் எல்லாம் எழுதிக் கொடுப்பதோடு ஒதுங்கிக்கொண்டால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்?

எழுத உண்மையே ஏராளமாக இருக்கிறதே. அந்தக் கருப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமியால் வருகிறது. செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் இருக்காது. ஆவணி வாக்கில் விதைத்துத் தையில் அறுக்கிற நீண்ட காலப் பயிர், அதனால் விலை கூட. மேட்டூர் ஜூன் 12ல் திறந்ததா, தண்ணீர் எப்போது வந்தது, நாற்று விட்டாயிற்றா, அறுப்பு எப்போது, புது அரிசி ஏன் குழைகிறது, எத்தனை மாதம் வைத்திருந்து விற்கிறீர்கள்? ஒரு வருடத்துக்கான திட்டம் வயலிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு இது கிடைக்காது. வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும் என்பதைச் சுமையாக நினைக்காதீர்கள். அந்த வேலையில் மதிப்புள்ளதே அந்த இரண்டு நாள்தான்.

பூண்டி மாணவன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பி.ஏ. கடைசி வருடம். இதற்குக் காசு கட்டி கோர்ஸ் படிக்க வேண்டுமா அக்கா? இங்கே ஒரு இடத்தில் நிறையக் கேட்கிறார்கள்.

தஞ்சை தாரணி:

கட்டாதீர்கள் தம்பி. ஹப்ஸ்பாட் என்ற மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்தின் அகாடமியில் கன்டென்ட் மார்க்கெட்டிங் பாடம் இலவசம், சான்றிதழும் தருகிறார்கள். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பாடமும் இலவசம். அதற்குமேல் சொந்தமாக ஒரு சின்னத் தளம் வையுங்கள். உங்கள் ஊர் விஷயம் எதையாவது எழுதி, கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் இணையுங்கள். மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள், எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்குவரை அது காட்டும். நேர்முகத்தில் அந்த ஸ்கிரீனைக் காட்டி, இதைப் பார்த்து இதை மாற்றினேன் என்று சொல்ல முடிந்தால் அது சான்றிதழைவிடப் பேசும்.

வெண்ணாற்றங்கரை:

அந்தக் கணக்கைப் பற்றித்தான் என் கடைசிச் சந்தேகம். 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கேள்விக்குப் பதில் மேலேயே கிடைத்தால் கீழே யார் கிளிக் செய்வார்? அதே வருடம் மார்ச்சில் கூகுள் தன் தேடல் வரிசையில் செய்த மாற்றத்தில் எத்தனையோ தளங்கள் விழுந்தன. உங்கள் கையில் இல்லாத ஒரு எண்ணை வைத்து உங்கள் சம்பளத்தை நிர்ணயிப்பார்கள். எழுத்தை யாராவது அளந்தால் அதைப் படித்துப் பார்த்தாவது அளப்பார்கள்.

தஞ்சை தாரணி:

மார்ச் மாற்றம் மொத்தமாக மெஷினில் அடித்துக் குவித்த பக்கங்களையும் குறிவைத்தது. ஆனால் எண் விஷயத்தில் சார் கேட்பது சரியான கேள்வி. அதனால்தான் எந்த எண் என்பதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். தளத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது தடவை வாங்கியவர்கள், நம் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்கள், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்துக்கொண்டவர்கள், இவர்களைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பின் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியலில், செய்தி போகவேண்டும் என்றாலே எதிரே இருப்பவர் நம் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். அவர் விருப்பப்பட்டுச் சேர்ந்த பட்டியல் அது. கூகுள் எதை மாற்றினாலும் அது நம்மிடம் இருக்கும். எங்கிருந்தாவது மொத்தமாக எண் வாங்கி அனுப்பச் சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அனுமதி வாங்காமல் தனிநபர் தகவலைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2023ல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

அரசலாறு:

நேற்று போய் அரிசி நிறுவன முதலாளியிடம் பேசிவிட்டு வந்தேன். நோயைப் பற்றிய வரிகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், இனி எது வெளியே போனாலும் என் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். 53வது பிரிவைக் காட்டினேன். சரி என்றார். ரீல்ஸ் எடுக்க வேறு ஆள் வேண்டும் என்றேன், அவர் மகனே எடுப்பதாகச் சொன்னார். முதல் ஆறு மாதம் விற்பனைக் கணக்கை என் தலையில் வைக்கக்கூடாது, மறுபடி வாங்குகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்போம் என்றதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது வந்தால் தை மாதம் சேரலாம் என்றிருக்கிறேன். அறுப்பையும் நேரில் பார்க்கலாம். கடைக்காரர் ஐயா சொன்னதை மனதில் வைத்து, வெளி வேலை செய்யத் தடையில்லை என்றும் கேட்டு வாங்கினேன். ஆய்வு நிலையங்களைப் பற்றிச் சொன்ன யோசனையை விடவில்லை ஐயா. அந்த நேரத்தில் அதைத் தொடங்குவேன்.

வெண்ணாற்றங்கரை:

என் கருத்து மாறவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். 'நேற்றுப் பேசியபடி' என்று தொடங்கி, ஒவ்வொன்றாக எழுதி, இன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள். வெளி வேலைக்கான அனுமதி வேலை உத்தரவிலேயே இருக்கட்டும். ஆறு மாதக் கணக்குக்குப் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாச்சியார்கோவில் கடைக்காரர்:

சேர்ந்தபின் முதல் வாரம் போன் எடுக்கிற இடத்தில் உட்காரு அம்மா. எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.